இல்லை என்று எழுதிய தடம்

என் மச்சினனுக்கு என் மனைவிதான் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். அவளுடைய கூடப் பிறந்த தம்பி. வயது முப்பத்தெட்டு. அவன் சாப்பிடுகிற நேரத்தில் நான் வீட்டுக்குள் இருப்பதில்லை. மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். மாடு தன்பாட்டுக்கு நின்று அசை போட்டுக்கொண்டிருக்கும். அதன் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன். அவன் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போவேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவன். கையெழுத்துப் போடுவது, விண்ணப்பம் நிரப்புவது, கோயில் நோட்டீஸ் எழுதுவது தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவன் கைகளுக்கு நேர்ந்தது நான் ஒரு தாளில் எழுதிய ஒரு சொல்லால் நேர்ந்தது. அதை வாயால் சொல்லிவிட்டேன். எழுத்திலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நடுவட்டத்தைத் தாண்டி, கூடலூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் நடந்தால் வரும். கீழே எஸ்டேட் தேயிலை. அதற்கு மேலே முப்பது வீடுகளும் மாரியம்மன் கோயிலும். வீடுகளுக்கு மேலே பெரிய புல் சரிவு. புல் முடிகிற இடத்தில் சோலைக்காடு. அந்தச் சோலைக்குள் ஒரு ஊற்று இருக்கிறது. பங்குனித் திருவிழாவுக்குக் கரகத் தண்ணீர் அங்கேதான் எடுப்போம். எடுத்த கரகம் நேரே கீழே இறங்காது. சரிவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் குறுக்கே போய், ஊர் எல்லையை வளைத்துக்கொண்டுதான் கோயிலுக்கு வரும். அம்மன் எல்லை சுற்றி வருகிற அந்த வழிக்கு அம்மன் தடம் என்று பெயர்.

பொங்கல் முடிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு ஒருவர் அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவோம். கரகம், தப்பட்டை, தீர்த்தக்குடம் தூக்கும் பெண்கள் எல்லாரும் வரிசையாகப் போக வேண்டும் என்பதால் ஆறு பேர் தோளோடு தோள் நிற்கிற அகலத்துக்குப் புல்லை வெட்டுவோம். வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு வழுக்கக் கூடாது, முள் ஏறக் கூடாது என்று வேரோடு சுரண்டி, மண் தெரிகிற வரைக்கும் விடமாட்டோம். கூலி கிடையாது. முடிந்ததும் நடுவில் உள்ள பெரிய கல்லில் கற்பூரம் ஏற்றுவோம். கரகக்காரர் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்குகிற கல் அது.

என் நினைவில் இரண்டு முறை காட்டுத் தீ அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறது. இரண்டு முறையும் தடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அம்மன் நிறுத்தினாள் என்று சொல்லி நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். வெறும் மண்ணில் தீ நடக்காது என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தத் தடத்தைப் பற்றி நாங்கள் யாரும் அந்த மாதிரி பேசியதில்லை.

என் மச்சினன் பன்னிரண்டு வருடமாக வனத்துறையில் தீக்காவலர். பனி விழுந்து புல் காய்கிற மாதங்களில் மட்டும் வேலை. மழை இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கரகம் தூக்குகிறவனும் அவன்தான். தூக்க ஆரம்பித்த வருடம் குடியை விட்டான், அதற்குப் பிறகு தொட்டதில்லை. பந்தலூரில் அவனுக்கு ஒரு பெண் பார்த்திருந்தோம். சிலோனிலிருந்து வந்த குடும்பம், நல்ல மனிதர்கள். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்குக் குறை ஒண்டும் இல்ல. வருசம் முழுக்க வேலை இருக்குன்னு ஒரு கடுதாசி காட்டுங்க, அடுத்த நாளே பரிசம் போட்டுக்கலாம்" என்றார்.

நான் அந்தக் கடுதாசிக்காக அலைந்துகொண்டிருந்தபோதுதான் தீத்தடுப்பு மானியம் வந்தது.

கோயம்புத்தூரில் உள்ள ஒரு அறக்கட்டளை அது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தவறு எதுவும் இல்லை. பக்கத்து ஊர்கள் இரண்டு, எங்கள் ஊர், எஸ்டேட், காவலர்கள் எல்லாரையும் ஒரே குழுவாகச் சேர்த்து, தீ வந்தால் யார் யாருக்குச் சொல்வது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று ஏற்பாடு செய்யப்போகிறார்கள். தீ தாண்டாதபடி சரிவின் குறுக்கே புல்லை நீக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டக் கூலி தருவார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் ஒருவருக்கு வருடம் பன்னிரண்டு மாதமும் சம்பளம். இந்தக் கடைசி விஷயம் காதில் விழுந்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

ஐப்பசியில் அந்த அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். கொட்டுகிற மழையில் பஸ்ஸில் வந்து, முழங்கால் வரை சேறோடு கோயில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தார். நான் கோயில் தர்மகர்த்தா என்பதால் ஊர்க் குழுவுக்கும் என்னையே தலைவராகப் போட்டிருந்தார்கள். அவர் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இது புதுசா தீத்தடுப்புக் கோடு போடற ஊர்களுக்கு மட்டுந்தாங்க ஐயா. ஏற்கெனவே கோடு இருந்தா இந்த மானியம் பொருந்தாது. அதுக்கு வேற திட்டம் இருக்கு. உங்க ஊர்ல அந்த மாதிரி ஏதாவது இருக்குங்களா?"

அந்த வேறு திட்டம் என்ன என்று நான் கேட்கவில்லை. மழையில் சரிவு முழுவதும் மார்பளவு புல் நின்றது. தை மாதம் வெட்டியதற்கு அடையாளமே இல்லை. மச்சினன் தூண் ஓரமாகக் கை கட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

"இல்லைங்க மேடம்" என்றேன்.

"நிச்சயமாங்களா?"

"ஏனுங்க, இந்த மழையில வந்தவிய கிட்டப் பொய் சொல்லிப்போட்டு நான் எங்கீங்க போவேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தாளை என்னிடம் நீட்டினார். 'தற்போது தீத்தடுப்புக் கோடு உள்ளதா' என்ற கேள்விக்கு நேரே என் கையால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோயில் கதவு திறந்துதான் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, அம்மன் தடத்தப் போயி இல்லைன்னுட்டீங்களே."

"அது அம்மனுக்கு வெட்டறது. அவிய கேக்கறது தீக்கு."

"ரெண்டும் ஒரே தடந்தானுங்களே?"

"உன்ர தம்பிக்காகத்தான் சொன்னேன். நீ வேற கெளறாத."

அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை விரதமிருந்து, கோயிலில் பூ வாக்குக் கேட்டேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்போம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். "அம்மா, இந்த மானியம் எங்க ஊருக்கு வருமா?" என்று கேட்டுவிட்டு மனைவியை எடுக்கச் சொன்னேன். வெள்ளை அரளி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விபூதியை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன்.

கேட்டதற்கு அம்மன் சரியாகத்தான் சொன்னாள். மானியம் வந்தது. தடத்தைப் பற்றி நான் அவளிடம் கேட்கவே இல்லை.

மார்கழியில் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். எங்கள் ஊர் தேர்வாகிவிட்டது. பணம் கொடுப்பவர்களின் ஆள் ஒருவர் தை மாதம் நேரில் வருவார். கோடு வெட்டுவதற்கு முன்னால் ஒரு படம், வெட்டிய பின்னால் அதே இடத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும். "அதுவரைக்கும் சரிவுல எதையும் தொடாதீங்க ஐயா. முன்னாடி எடுக்கற படம் இல்லாம எங்களால காசு தர முடியாது" என்றார். நான் சரி என்றேன். அன்றைக்குத் தேங்காய் உடைத்தேன். பந்தலூருக்கும் போன் செய்து சொன்னேன்.

அந்த வருடம் உறைபனி கடுமையாக இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் சரிவு முழுவதும் உப்புக் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் பனி உருகி, புல் கருகிப் பழுப்பாகும். பொங்கல் முடிந்து செவ்வாய்க்கிழமையும் வந்தது. வழக்கம்போல எல்லாரும் அரிவாளோடு கோயில் முன்னால் கூடினார்கள். நான் விஷயத்தைச் சொல்லி, பத்து நாள் பொறுங்கள் என்றேன்.

கடைசி வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். எஸ்டேட்டில் இலை பறிப்பவர். வாய் கொஞ்சம் நீளம். அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அம்மன் நடக்கறதுக்குக்கூட இனிமே போட்டோ புடிச்சாத்தான் ஆவுமாக்கும்?"

"அக்கா, கூலியோட வெட்டப்போறம். உங்களுக்கும் சேத்தித்தான்."

"கூலி வாங்கிட்டு அம்மன் தடம் வெட்டறதா? அப்பறம் அவகிட்ட வேண்டுதலுக்கும் கூலி கேப்பீங்க."

சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கூலி என்றதும் சம்மதம். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, என்ன அவசரம் என்றார்கள். எல்லாரும் திரும்பிப் போனார்கள். நான் தனியாக மேலே ஏறி, புல்லை விலக்கிக்கொண்டு போய், அந்தக் கல்லில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன். காய்ந்த புல் நடுவே கற்பூரம் ஏற்றுகிறோமே என்று அணைகிற வரைக்கும் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

படம் எடுக்க வருகிறவர் சொன்ன தேதியில் வரவில்லை. வேறு ஊரில் வேலை என்று தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் ஒரு தடவை தள்ளிப் போனது. தை முடிந்தது. ஒரு நாள் சாயங்காலம் மச்சினன் வந்து வாசலில் நின்றான். கையில் ஒரு பிடி புல். என் முன்னால் அதைக் கசக்கிக் காட்டினான். தூளாக உதிர்ந்தது.

"மச்சான், சருகாட்டம் ஆயிப்போச்சுங்க. ஒரு பொறி போதும். பாதி அகலமாவது சொரண்டி உட்டுரலாமுங்க. நான் ஒருத்தனே ரெண்டு நாள்ல முடிச்சுப்போடுவேன்."

"வெட்டுன எடம் அவிய கண்ணுக்குத் தெரியாதா? அப்பறம் இல்லைன்னு எழுதிக் குடுத்தது என்னாவறது?"

"தெரியுந்தானுங்க. ஆனா..."

"உன்ர வேலைக்குத்தான்டா மாப்ள இத்தனையும். பந்தலூர்க்காரங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கறேன். பத்து நாளு பொறு. அம்மன் பாத்துக்குவா."

அவன் கையிலிருந்த தூளைத் தட்டினான். கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

"செரிங்க மச்சான்" என்று போய்விட்டான்.

பன்னிரண்டு வருடம் தீயோடு நின்றவன் அவன். ஃபேக்டரியில் இலை வாட்டிக்கொண்டு நின்ற நான் அவனுக்குச் சொன்னேன், அவனும் கேட்டுக்கொண்டான்.

மாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு மேல். சரிவின் மேற்குக் கோடியில் புகை தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காற்று அன்றைக்கு நின்று நின்று அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் மாடுகளை அவிழ்த்துத் தேயிலைக்குள் ஓட்டினார்கள். பச்சைத் தேயிலைக்குள் தீ சுலபமாக நுழையாது. நாங்கள் ஆண்கள் வீடுகளுக்குப் பின்னால் நின்று கூரைகளில் தண்ணீர் ஊற்றினோம். மச்சினனும் பக்கத்து ஊர்க் காவலர்கள் இரண்டு பேரும் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு சரிவில் ஏறி, தீயின் ஓரத்தை அடித்து அணைத்துக்கொண்டே போனார்கள். முக்கால் மணி நேரம் அடித்திருப்பார்கள். அணைந்துவிடும் என்றுதான் நினைத்தோம்.

காற்று திரும்பியது. தீ படுத்த மாதிரி இருந்தது, பிறகு சரிவு முழுவதும் ஒரே மூச்சில் எழுந்தது. அந்த இரண்டு பேரும் கிளைகளைப் போட்டுவிட்டுக் கீழே தேயிலையை நோக்கி ஓடி வந்தார்கள். என் மச்சினன் மேலே ஓடினான்.

ஊரே கத்தியது. "கீழ வாடா, கீழ வா." அவனுக்குக் கேட்டிருக்காது. புல்லுக்குள் அவனுடைய தலை மட்டும் தெரிந்தது. நேராக அந்தப் பெரிய கல் வரைக்கும் போனான். அங்கே நின்றான். வலது பக்கம் திரும்பிப் பார்த்தான், இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். எதையோ வைத்த இடத்தில் தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு புகை மூடிவிட்டது.

மாட்டை ஓட்டிவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு வந்த என் மனைவி என் பக்கத்தில்தான் நின்றாள். குடம் அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

தீ வீடுகளைத் தொடாமல் மேலே ஏறிப் போன பிறகு, ஈரச் சாக்குகளைக் காலில் சுற்றிக்கொண்டு ஏறினோம். கல்லை ஒட்டி மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தான். முகம் பெரும்பாலும் தப்பியது. கைகளைப் பற்றி நான் விவரமாக எழுதப்போவதில்லை. எஸ்டேட் ஜீப்பில் ஊட்டிக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்கும் கொண்டுபோனோம்.

மூன்று வாரம் கழித்துத்தான் அவன் தெளிவாகப் பேசினான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டேன்.

"ஏன் மாப்ள, எல்லாரும் கீழ வரயில நீ மட்டும் ஏன் மேல ஓடுன?"

"தடத்துக்குப் போயிட்டாப் பொழச்சுக்கலாம்னு ஓடுனேனுங்க மச்சான். எனக்கு அதுதான் கிட்ட. காலு தன்னால போயிருச்சு. கல்லுகிட்ட நின்னு பாக்கறேன், தடத்தக் காணோம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "இந்த வருசம் நாம வெட்டலைங்கறதே மறந்துபோச்சுங்க."

தான் செய்த தவறைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றேன். வாயில் அம்மன் பெயர் வரவில்லை. நாக்கு அந்தச் சொல்லுக்குத் திரும்பவில்லை.

ஊருக்குத் திரும்பினால் அங்கே வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பகலிலேயே ஊற்றிக்கொண்டு போயிருப்பான், இல்லாவிட்டால் கண்ணுக்கு முன்னால் தேயிலை இருக்கும்போது எவனாவது புல்லுக்குள் ஓடுவானா என்று. அவனோடு கரகத்துக்குப் பின்னால் நடந்தவர்களே பேசினார்கள். நான் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள்.

பங்குனியில் விசாரணைக்கு வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரி வரப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். காவலர் தன் கவனக்குறைவால் காயப்பட்டார் என்று எழுதிவிட்டால் சிகிச்சைக்கு உதவி கிடைக்காது. வேலையும் போய்விடும். ஊர்க் குழுவில் இருந்த இரண்டு பேர் முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"தடத்தப் பத்தி வாயே தொறக்காதீங்க" என்றார் ஒருவர். "மானியம் இன்னும் ரத்தாகல. தீ வந்த ஊருன்னு இன்னும் எச்சாவே தருவாங்க. அந்த மேடமே சொன்னாங்க."

"என்ர மச்சினன் பேரு?"

"அவனுக்குத்தான் கை போயிருச்சே. பேரு இருந்து என்ன ஆவப்போகுது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மூன்று பெண்கள், ஒழுகுகிற வீடு. கூலியை நம்பிக் காத்திருந்தார்.

தகரக் கொட்டகையில்தான் விசாரணை நடந்தது. அதிகாரி நாற்காலியில், பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர், அவர் மடியில் எங்கள் தாள்கள். திருவிழா அந்த வருடம் இல்லை என்று முடிவு செய்திருந்ததால் கோயில் கதவு சாத்தியிருந்தது. தப்பி வந்த காவலர்கள் இரண்டு பேரும் முதலில் சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்.

"தேயிலை பக்கத்துல இருந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் கீழ வந்துட்டீங்க. அவர் மட்டும் எதுக்கு மேல ஓடினார்? நிதானத்துல இருந்தாரா?"

அவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"மேல தடம் இருந்துச்சுங்க."

"என்ன தடம்?"

"அம்மன் தடமுங்க. வருசா வருசம் தை மாசம் மண்ணு தெரிய வெட்டுவம். முன்னால ரெண்டு தடவ தீ அங்கதான் நின்னுச்சு. இந்த வருசம் வெட்டலைங்க. வெட்ட வந்தவியளத் திருப்பி அனுப்புனது நான். அவன் வந்து வெட்டலாம்னு கேட்டான். நாந்தான் வேண்டாம்னேன். அவன் அந்தத் தடத்தத் தேடித்தான் ஓடுனான். குடிக்கலைங்க. கரகம் எடுக்கறவன் அவன்."

அதிகாரி ஒருங்கிணைப்பாளரிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல இல்லைன்னு எழுதியிருக்கே."

"அதும் நான் எழுதுனதுதானுங்க."

ஒருங்கிணைப்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ரெண்டு தடவ கேட்டேனே ஐயா" என்றார் மெதுவாக. "கோயில் தடம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட, பழைய கோட்டப் பராமரிக்கற திட்டத்துல சேத்திருப்பேனுங்க. அதுல படமெல்லாம் கேக்க மாட்டாங்க. எப்பவும் வெட்டற நாள்ல வெட்டியிருக்கலாம்."

"அதுல வருசம் முழுக்கச் சம்பளத்துக்கு ஆள் போடுவாங்களாங்க மேடம்?" என்று கேட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கேள்விதான் என் வாயிலிருந்து வந்தது.

"போடுவாங்க ஐயா" என்றார்.

மானியம் ரத்தானது. வேறு ஊருக்குப் போனது. காவலர் பணியின்போது, வழக்கமாக வெட்டப்படும் பாதையை நம்பி ஓடினார் என்று அதிகாரி எழுதினார். சிகிச்சைக்கு உதவி வந்தது. குடித்துவிட்டு ஓடினான் என்ற பேச்சும் நின்றது. உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது தருவார்களா என்று கேட்டு எழுதிய மனு மேலே போயிருக்கிறது. இன்னும் பதில் இல்லை. பந்தலூர்க்காரர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஆவணியில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அவன் கேள்விப்பட்டு, "நல்லா இருக்கட்டுமுங்க" என்றான்.

தர்மகர்த்தா பொறுப்பை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊரில் பலர் என்னோடு பேசுவதில்லை. பொய் எழுதியதற்காகச் சிலர், உண்மையைச் சொல்லி மானியத்தைக் கெடுத்ததற்காகச் சிலர். காலையில் விளக்கு வைக்கிறேன். கும்பிடுகிறேன். எதுவும் கேட்பதில்லை.

இந்த வருடமும் தை வந்தது. பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. நான் காலையில் அரிவாளையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு தனியாக மேலே ஏறினேன். எரிந்த சரிவில் புல் முன்னைவிட அடர்ந்து வளர்ந்திருந்தது. கல்லிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு ஆள் நீளம் வெட்டுவதற்குள்ளேயே முதுகு வலித்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் புல் சரசரக்கிற சத்தம். கடைசி வீட்டு அக்கா.

"தள்ளுங்க. நீங்க ஒருத்தரா வெட்டுனா அடுத்த பொங்கல் வந்துரும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் வெட்ட ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று சொல்ல முடியாது, பாதிப் பேர் இருக்கும். என் வீட்டுக்கு வந்து வாயைத் திறக்காதே என்று சொன்னவரும் வந்திருந்தார். அரிவாள் சத்தம் மட்டும் கேட்டது.

வெயில் நன்றாக ஏறிய பிறகு மச்சினன் வந்தான். என் மனைவி பின்னால் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கைகளைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்திருந்தான். அந்தத் தீக்குப் பிறகு அவன் சரிவில் ஏறியது அன்றைக்குத்தான். எல்லாரும் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் நேராகக் கல்லுக்குப் போய் அதன்மேல் ஏறி நின்றான். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான்.

"மச்சான்" என்றான்.

"என்ன மாப்ள?"

"இது பத்தாதுங்க. புல்லு போன வருசத்துக்கு எச்சு. இன்னும் ரெண்டு ஆள் அகலம் சேத்தி வெட்டோணும். வேரெல்லாம் அப்படியே நிக்குது பாருங்க, அக்கட்ட. அதையும் சொரண்டோணும்."

"செரி மாப்ள."

நான் அவன் காட்டிய பக்கம் போனேன். அவன் கையால் காட்டவில்லை, முகவாயால்தான் காட்டினான். குனிந்து, மண்வெட்டியால் வேர்களைச் சுரண்ட ஆரம்பித்தேன். மண் தெரிய வேண்டும். ஒரு அடி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவன் கல்லை விட்டு இறங்கவில்லை. நான் சுரண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சமுங்க மச்சான்" என்றான்.